திரையின் துடிப்பும் கண்ணின் நலமும்

அகத்திய மலையில் பிறந்து அரபிக் கடலை நாடி ஓடும் நெய்யாற்றின் பக்கத்தில், அருவிப்புறத்தை அடுத்து அமைந்துள்ளது பெருங்கடவிளை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தி வரையப்பட்டபோது, விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதன் பயனாகப் பெருங்கடவிளை முதல் பாறசாலை வரையுள்ள சிற்றூர்களில், ஒரே குடும்பத்தின் கிளைகள் எல்லைக் கோட்டின் இருபுறமும் வாழ்ந்து வருகின்றன. பிழைப்பை நாடிக் கடல் கடந்தோரும் பலர். இவ்வளவு பிரிவையும் இன்று ஓரளவு ஈடு செய்வது கணினித் திரை ஒன்றே. பையன் பாடம் படிப்பது அதில். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பெண், வீட்டிலிருந்து பணியாற்றும் நாட்களில் கண்ணை நட்டு உட்காருவது அதன் முன்பு. ரியாத்திலுள்ள பேரன் முகத்தைப் பாட்டி காண்பதும் அதிலேதான்.

நாளொன்றுக்கு ஆறு மணி, எட்டு மணி நேரம் பார்க்க வேண்டிய ஒரு பொருளை வாங்கக் கடைக்குப் போகிறோம். அங்கே திரையின் அளவைச் சொன்ன கையோடு, கடைக்காரர் 60, 75, 100, 144, 240 என்று எண்களை அடுக்குகிறார். ‘ரெஃப்ரெஷ் ரேட்’ என்பது அதன் பெயராம். எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. “எண் பெரிதானால் கண்ணுக்கு நல்லது” என்று அவர் உறுதி கூறுகிறார். அயல்நாட்டில் வெயிலிலும் தூசியிலும் உழைத்து அனுப்பிய பணம் கையில் இருக்கிறது. பிள்ளைகளின் கண்ணும் நம் கவலையில் இருக்கிறது. கடைக்காரர் சொல்வது மெய்யா? ஒரு காலத்தில் அது முழு மெய்யாக இருந்தது. இன்று பாதி மெய்யே. மற்றப் பாதி வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்ளி வட்டம்

இருட்டில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் ஒன்று தோன்றுகிறது. வட்டம் என்று ஒன்று அங்கே இல்லை. ஒரு புள்ளி நெருப்புதான் உண்டு. கண்ணில் பட்ட ஒளியின் பதிவு ஒரு கணம் நீடித்து நிற்பதால், புள்ளிகள் கோர்வையாகி வட்டமாய்த் தெரிகின்றன. சினிமாவிலும் இதற்குப் பங்கு உண்டு. பேசும் படங்களில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆயினும் 24 தடவை மட்டும் ஒளி விட்டு விட்டு விழுந்தால் கண் கூசும். ஆதலால் படக்கருவியின் மூடி, ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று தடவை வெட்டி வெட்டிக் காட்டும். விநாடிக்கு 48 அல்லது 72 ஒளி வீச்சுகள் நமக்குக் கிட்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். அசைவு தடையின்றித் தெரிவது ஒன்று. ஒளி மினுக்காமல் இருப்பது மற்றொன்று. முன்னதற்கு 24 படங்களே போதியவை. பின்னதற்கு அதைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு தேவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் திரை வாங்கும்போது நாம் குழம்புகிறோம்.

விநாடிக்கு எத்தனை தடவை திரை தன் படத்தைப் புதிதாக வரைந்து கொள்கிறதோ, அந்த எண்ணே புதுப்பிக்கும் வேகம். ‘ஹெர்ட்ஸ்’ என்பது அதன் அலகு. 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிவிநாடி நிறுத்தி வைக்கும். 120 ஹெர்ட்ஸ் திரை 8.3 மில்லிவிநாடி நிறுத்தி வைக்கும்.

குழாய்த் திரைகளின் காலம்

1985-ஆம் ஆண்டு திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள நிகழ்ச்சிகளை அளிக்கத் தொடங்கிய நாட்களில், நம் வீடுகளுக்கு வந்தவை பின்புறம் பானைபோல் புடைத்த பெட்டிகள். 1990-இல் டெக்னோபார்க் எழுந்தபோதும், 2001-இல் கேரள அரசு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகளுக்குக் கணினியைக் கொணர்ந்தபோதும், மேசைகளின்மேல் வீற்றிருந்தவை பெரும்பாலும் அத்தகைய திரைகளே. அவற்றின் உள்ளே ஓர் எலெக்ட்ரான் கற்றை, ஏர் உழுவதுபோல் மேலிருந்து கீழாக வரி வரியாய் ஓடும். அது பட்ட இடம் ஒளிரும். விட்ட இடம் உடனே மங்கத் தொடங்கும். கற்றை திரும்பி வருவதற்குள் அவ்விடம் ஏறக்குறைய அணைந்தே போகும். ஆகவே புதுப்பிக்கும் வேகமே அத்திரையின் மினுக்கல் வேகமுமாக இருந்தது.

நமது தொலைக்காட்சி விநாடிக்கு 50 வீச்சுகளில் இயங்கியது. அதைக் கூடத்தின் மறுகோடியில் அமர்ந்து பார்த்தோம். பெரிய துன்பம் தெரியவில்லை. கணினியோ 60-இல் இயங்கியும் தலைவலியைத் தந்தது. காரணம் யாது? மினுக்கலை உணர்வதில் நேர்ப்பார்வையைவிடக் கடைக்கண்ணே கூர்மை வாய்ந்தது. இரண்டடி தூரத்திலுள்ள வெள்ளைத் திரை பார்வையின் ஓரம் வரை பரவி நிற்கிறது. எட்டியுள்ள பெட்டி நடுவில் சிறியதாய் அடங்கிவிடுகிறது. மேலும் ஒளி மிகுந்தால் மினுக்கல் மறைவதற்கு வேண்டிய வேகமும் மிகும். 1892-இல் ஃபெரியும் 1902-இல் போர்ட்டரும் ஆராய்ந்து கண்ட விதி இது. வெள்ளைத் தாளைப் போன்ற பின்னணியில் கறுப்பு எழுத்துகளைக் காட்டும் கணினித் திரை, ஒளி மிகுந்தது அன்றோ?

இதை உணர்ந்தே சுவீடன் நாட்டின் அலுவலகப் பணியாளர் சம்மேளனமாகிய டி.சி.ஓ., தனது 1999-ஆம் ஆண்டுத் தர விதியில், குழாய்த் திரைகள் 85 ஹெர்ட்ஸிலேனும் இயங்க வேண்டும் என்று வகுத்தது. கணினிகளோ பல சமயங்களில் 60-இலேயே அமைக்கப்பட்டு வந்தன. அமைப்பைத் திறந்து 85 ஆக்கினால் தீரும் தொல்லையை, மாற்றத் தெரியாமல் சுமந்தவர்கள் எத்தனையோ பேர். ஒளியைச் சற்றுக் குறைத்து வைத்தாலும் அன்று மினுக்கல் தணிந்தது.

குறைந்த மின் அழுத்தத்தை ஈடு செய்யச் ஸ்டெபிலைசர் வைத்திருந்த வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் 50 ஹெர்ட்ஸ் காந்த அலை பக்கத்திலிருந்த 60 ஹெர்ட்ஸ் குழாய்த் திரையைத் தாக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாகிய 10 தடவை, விநாடிதோறும் படம் நடுங்கும். ஸ்டெபிலைசரை இரண்டு முழம் தள்ளி வைத்தால் நடுக்கம் அகலும்.

தட்டைத் திரை வந்த பிறகு

இன்று குழாய்த் திரைகள் பழைய சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இப்போதுள்ள திரவப் படிகத் திரையில், அதாவது எல்.சி.டி. திரையில், ஒரு புள்ளிக்கு ஒரு நிறம் கொடுத்தால் அடுத்த கட்டளை வரும்வரை அந்நிறம் அப்படியே நிற்கும், நடுவே அணைவதில்லை. எனவே நிலையாக நிற்கும் ஒரு பக்கத்தைப் படிப்பவருக்கு 60-உம் 144-உம் ஒன்றே. மாறாத படத்தை எத்தனை தடவை திரும்ப வரைந்தால்தான் என்ன?

வித்தியாசம் அசைவில் தோன்றுகிறது. பக்கத்தை உருட்டும்போது கண் எழுத்தைத் தொடர்ந்து வழுக்கிச் செல்கிறது. திரையோ எழுத்தை ஒரு கணம் நிறுத்திப் பின்பு தாவ வைக்கிறது. இந்த முரண்பாட்டால் எழுத்து மழுங்கித் தெரியும். நிறுத்தி வைக்கும் நேரம் குறையக் குறைய மழுக்கமும் குறையும். 60-இலிருந்து 120-க்குச் சென்றால் 8.3 மில்லிவிநாடி மிச்சம். இது கண்ணுக்கு நன்கு தெரியும். 120-இலிருந்து 240-க்குச் சென்றாலோ மிச்சம் 4.2 மில்லிவிநாடியே. பெரும்பணம் கொடுத்துப் பெறுவது இச்சிறு லாபத்தைத்தான். பந்தய விளையாட்டு ஆடும் இளைஞருக்கு அது பயன்படலாம். கணக்கு எழுதுவோருக்கும் பாடம் படிப்போருக்கும் அதனால் ஆவது சொற்பம்.

மினுக்கல் ஒளிந்திருக்கும் இடம்

அப்படியானால் புதிய திரையின் முன்பும் சிலருக்குத் தலை வலிக்கிறதே, அது ஏன்? மினுக்கல் ஒழியவில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது. எல்.சி.டி. திரைக்குத் தானாக ஒளி கிடையாது. அதன் பின்னால் எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. ஒளியைக் குறைக்க வேண்டுமானால் சில திரைகள் அவ்விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் குறைக்கின்றன. அது நல்ல முறை. வேறு சில, விளக்கை விநாடிக்குச் சில நூறு தடவை முழுதாய் அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடினால் ஒளி குறைந்ததுபோல் தோன்றும். இத்திரைகளில் ஒளியைத் தணிக்கத் தணிக்க மினுக்கல் மிகுகிறது. குழாய்த் திரையில் மருந்தாக இருந்த செயலே இங்கே நோய்க்குக் காரணமாகிறது! கைப்பேசிகளின் ஓ.எல்.இ.டி. திரைகள் பலவற்றிலும், இரவில் ஒளியைக் குறைக்கும்போது இவ்வாறே நிகழ்கிறது.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டுவதில்லை. அறையை இருட்டாக்கித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒளியைக் கால் பங்காகக் குறைத்துக் கொள்க. திரைக்கு முன்னே ஒரு பென்சிலை விசிறிபோல் வேகமாக ஆட்டுக. பென்சிலின் நிழல் தொடர்ந்த புகையாகத் தெரிந்தால் ஒளி சீரானது. தனித்தனிப் பென்சில்கள் பல நிற்பதுபோல் தெரிந்தால், பின்னொளி அணைந்து அணைந்து எரிகிறது என்று அறிக. கடையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்; விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். பெட்டியின்மேல் ‘ஃபிளிக்கர் ஃப்ரீ’ என்று குறித்திருந்தாலும் சோதித்தே வாங்குவது நலம்.

இரண்டாவது ஒளிவிடம் அறையின் விளக்கு. இடவப்பாதி மழைக் காலத்தில், தென்னையும் ரப்பரும் சூழ்ந்த நம் வீடுகளில் பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. ஒரு சுழற்சியில் மின்னோட்டம் இருமுறை உச்சத்தை அடைவதால், பழைய சோக் வைத்த குழல் விளக்கு விநாடிக்கு 100 தடவை ஒளிர்ந்து மங்குகிறது. இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் உடல் அறியும். இதே 50 சுழற்சி மின்சாரம் உள்ள இங்கிலாந்தில், வில்கின்ஸ் என்ற உளவியலாரும் அவருடைய துணைவர்களும் அலுவலக விளக்குகளை ஆராய்ந்து 1989-இல் முடிவை வெளியிட்டனர். மிக விரைந்து துடிக்கும் மின்னணுச் சோக்கைப் பொருத்தியபோது, ஊழியர்களின் தலைவலியும் கண் சோர்வும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன. தெரியாத மினுக்கலும் துன்பம் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் நல்லவையும் உண்டு, பொல்லாதவையும் உண்டு. பழைய குண்டு விளக்கின் இழை சூடாகவே இருப்பதால் ஒளி அவ்வளவாக இறங்குவதில்லை. மலிவான எல்.இ.டி. விளக்கிலோ, உள்ளிருக்கும் மின்சுற்று செம்மையாக இராவிடில், 100 தடவையும் ஒளி அடியோடு இறங்கி ஏறும். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் கழகத்தின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை, இந்த 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருப்பது நலம் என்கிறது. இங்கும் பென்சில் சோதனையே போதும். பிள்ளை படிக்கும் மேசைக்கு மேலுள்ள விளக்கை முதலில் சோதியுங்கள். விலையுயர்ந்த திரையைவிட நல்ல விளக்கு ஒன்று பெரிய உதவி செய்யக்கூடும். செலவும் மிகக் குறைவு.

யாருக்கு எந்த வேகம்?

எழுதுதல், படித்தல், வகுப்புக் கேட்டல் ஆகியவற்றுக்கு 60 போதும். 75 கிடைத்தால் நன்று. நாள் முழுதும் பக்கங்களை உருட்டிப் பார்க்கும் அலுவலகப் பணியாளருக்கு 100 அல்லது 120 நிச்சயமாக இதம் அளிக்கும். சாதாரண விலைத் திரைகள் பலவற்றிலேயே இப்போது 100 கிடைப்பதால், இதற்காகத் தனியே பெருஞ்செலவு செய்ய வேண்டுவதில்லை. அதற்கு மேற்பட்டவை விளையாட்டுப் பிரியர்களுக்கு உரியன. மடிக்கணினியில் வேகம் மிகுந்தால் பேட்டரியும் விரைவில் தீரும் என்பதை மறத்தலாகாது.

படம் பார்ப்போர் வகுத்தல் கணக்கு ஒன்றை அறிந்திருத்தல் நலம். 24 படங்களை 60-இல் பொருத்தினால் மிச்சமின்றி வகுபடாது. ஆதலால் ஒரு படம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையுமாகக் காட்டப்படுகிறது. காட்சி மெல்ல நகரும்போது சிறு தடுக்கல் தெரியும். 120-இலோ ஒவ்வொரு படத்துக்கும் சரியாக ஐந்து தடவை. நமது தொலைக்காட்சியின் கிரிக்கெட் ஒளிபரப்பு விநாடிக்கு 50 வீச்சுகள் உடையது. 60-இல் அதைப் பார்த்தால் விநாடிதோறும் பத்துப் படங்கள் இரட்டிக்கும். ஓடும் பந்து விக்கி விக்கி ஓடும். திரையின் அமைப்பில் 50 அல்லது 100 இருப்பின், ஆட்டம் முடியும்வரை அதற்கு மாற்றிக் கொள்ளலாம்.

வாங்கிய வேகம் தானாக வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். விண்டோஸ் கணினியில் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘டிஸ்பிளே’, ‘அட்வான்ஸ்டு டிஸ்பிளே’ என்று வரிசையாகத் திறந்தால் இப்போதைய எண் தெரியும், அங்கேயே மாற்றலாம். லினக்ஸ் கணினியிலும் திரை அமைப்பில் இவ்வசதி உண்டு. இணைப்புக் கம்பியும் முக்கியம். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 வகைத் துளை கொண்ட கணினியை 4கே டெலிவிஷனில் பொருத்தினால், அந்த நுணுக்க அளவில் 30 ஹெர்ட்ஸே கிட்டும். சுட்டி சேற்றில் நடப்பதுபோல் நகரும். நுணுக்க அளவை 1080-க்கு இறக்கினால் 60 கிட்டிவிடும்.

கடல் கடந்த முகங்கள்

அயல்நாட்டு உறவினரோடு முகம் பார்த்துப் பேசும்போது, படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்வதைப் பலர் கண்டிருப்பர். கணினி கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டுவதில்லை. துபாயிலும் மஸ்கட்டிலும் தோஹாவிலும் குவைத்திலும் மின்சாரம் நம்மைப்போல் 50 சுழற்சி. சவூதி அரேபியாவிலும் அமெரிக்காவிலும் 60. அங்கே 60-க்கு அமைத்த காமிராவை ஊருக்குக் கொண்டுவந்து நம் விளக்கொளியில் வைத்தால், காமிரா படம் பிடிக்கும் தாளமும் விளக்கின் தாளமும் பொருந்தாமல் பட்டைகள் தோன்றும். காமிரா அமைப்பில் மினுக்கல் தடுப்பு என்ற பகுதியில் 50-ஐத் தேர்ந்தால் பட்டைகள் மறையும். ரியாத்துக்குத் திரும்பிச் செல்பவர் மறுபடி 60 ஆக்கிக் கொள்ள வேண்டும். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஊர் திரும்புமுன் இந்த ஒரு திருத்தத்தைச் செய்து வைத்துப் போனால், பெற்றோர் வருஷம் முழுதும் அவர்களை வாழ்த்துவர்.

வேகத்தால் தீராதவை

1997-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் ஜப்பானில் ‘போக்கிமான்’ சித்திரத் தொடரில், சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறிப் பளிச்சிட்ட காட்சியால், ஏறத்தாழ 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பெரும்பாலோர் சிறுவர்கள். அப்பளிச்சீடு படத்திலேயே இருந்தது. திரை எவ்வளவு வேகமாகத் தன்னைப் புதுப்பித்தாலும் அதைத் தடுக்க இயலாது. வலிப்பு நோய் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் பளிச்சிடும் விளையாட்டுகளை விலக்குவதும், வைத்தியரின் யோசனையைக் கேட்பதும் அவசியம்.

கண் சோர்வுக்கு மற்றொரு காரணம் நம்மிடமே இருக்கிறது. சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது தடவை இமைக்கும் கண், திரையின் முன் அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர் உலர்ந்து எரிச்சல் உண்டாகிறது. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடி பார்ப்பது எளிய பரிகாரம். நம் ஊரில் ஜன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பு இருக்கிறது. இதைவிட நல்ல மருந்து எங்கே கிடைக்கும்? திரை கை நீள தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சிறிது தாழ்ந்தோ இருக்கட்டும். ஜன்னல் பக்கவாட்டில் அமையட்டும். திரையின் ஒளி, பக்கத்தில் பிடித்த வெள்ளைத் தாளின் ஒளியை ஒத்திருக்கட்டும். இத்தனையும் செய்தும் வலி நிற்கவில்லையானால், கண் மருத்துவரிடம் செல்க; பல குழந்தைகளுக்கு வேண்டுவது புதிய கண்ணாடியாக இருக்கும்.

2020-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கேரளத்தில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் திரை வழியே தொடங்கின. அன்று வீட்டுக்குள் புகுந்த பள்ளிக்கூடம் முற்றிலும் வெளியேறிவிடவில்லை. இனி வெளியேறப் போவதும் இல்லை. அடுத்த தடவை திரை வாங்க நெய்யாற்றின்கரைக்கோ மார்த்தாண்டத்துக்கோ செல்லும் அன்பர்கள், சட்டைப் பையில் ஒரு பென்சிலை எடுத்துச் செல்க. எண்ணுக்குக் கொடுக்க இருந்த அதிகப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல விளக்குக்கும், மீதியைப் பிள்ளையின் கண் பரிசோதனைக்கும் செலவிடுக. உழைத்து அனுப்பியவரின் பணத்துக்கு அதுவே தக்க மரியாதை.